மேஜைக்கு அடியில் என் கை

நான் பொறுமை இல்லாதவன். இதை என் மனைவி சொன்னால் எனக்குக் கோபம் வரும். நானே எழுதும்போது மறுக்க ஆளில்லை.

கம்பைநல்லூரில் எனக்கு ஒரு ரிப்பேர் கடை. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், அயர்ன்பாக்ஸ் எல்லாம் வரும். சரிசெய்த பொருளை வாடிக்கையாளர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். அந்த நேரம் பார்த்துச் சில மிக்ஸிகள் மானத்தை வாங்கும். காலையிலிருந்து ஒழுங்காக ஓடியது, அதை வாங்கிப்போக அம்மா ஒருவர் வந்து நின்றதும் கல்லாக உட்கார்ந்துகொள்ளும். அப்போது "உங்க பக்கம் மழைங்களா?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, வயர் உள்ளே போகும் இடத்தைக் கட்டைவிரலால் ஓரமாக அழுத்துவோம். மிக்ஸி உறுமும். "பாத்தீங்களா, ஓடுது. ஒரு ஸ்க்ரூ மட்டும் டைட் பண்ணிட்டுத் தந்துடறேன்" என்று உள்ளே எடுத்துப்போய் உண்மையான வேலையை முடிப்போம். யாருக்கும் நட்டமில்லை. இருபது வருடமாக இதைச் செய்துவருகிறேன். ஒரே ஒரு முறை இதை ஒரு குழந்தையிடம் செய்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நடக்க முடியாத, பேச்சு வராத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் எங்கள் பக்கம் இருக்கிறார். ஒருநாள் மதியம் கடைக்கு வந்து, டமாரம் அடிக்கும் கரடிப் பொம்மை ஒன்றை என் மேஜைமேல் வைத்தார். ரிப்பேரா என்று கேட்டேன். "நல்லாத்தாங்கண்ணா ஓடுது. ஆனா சுவிட்சு வயித்துக்கு அடியில நகக்கண்ணளவு இருக்குது. எங்க புள்ளைங்களால அத நகத்த முடியாது. அந்தச் சுவிட்ச ஒரு வயரு போட்டு வெளிய கொண்டுவந்து, பெருசா ஒண்ணு வெச்சுக் குடுங்க. கையோ முட்டியோ தலையோ, எது பட்டாலும் ஓடணும்" என்றார்.

வேலை சுலபமாகத்தான் இருந்தது. பேட்டரிக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் நடுவில் மெல்லிய செப்புத் தகட்டைச் சொருகி, அதிலிருந்து வயர் எடுத்து, ஊறுகாய் டப்பாவின் அகலமான மூடிக்குக் கீழே சுவிட்சை மாட்டினேன். மூடியின் எந்தப் பக்கம் தொட்டாலும் கரடி டமாரம் அடித்தது. கையை எடுத்தால் நின்றது. டீச்சர் அதை நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஏழெட்டு வேணுங்கண்ணா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மிக்ஸி சரிசெய்தவனை யாரும் பாராட்டுவதில்லை. அடுத்த முறை எப்போது கெடும் என்றுதான் கேட்பார்கள்.

அந்த ஏழெட்டில் ஒன்று பொம்மிடிக்குப் பக்கத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு வீட்டுக்குத் தேவைப்பட்டது. அங்கே ஏழு வயதுப் பெண் குழந்தை. கழுத்து நிற்காது, பேச்சு கிடையாது, இடது கை உடம்போடு ஒட்டியே இருக்கும். வலது கை மட்டும் முஷ்டியாக மடிந்து, சொன்ன பேச்சைக் கொஞ்சம் கேட்கும். சாய்வான சக்கர நாற்காலியில் இருப்பாள். அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அம்மா விடிகாலையில் சாமந்தித் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் அந்தக் குழந்தை உடம்பு முழுவதும் குலுங்கச் சிரிக்கும்.

அவளுக்கென்று முதலில் நான் கொண்டுபோனது சத்தம் கேட்டால் ஆடும் குரங்குப் பொம்மை. அவள் 'ஆ' என்று ஒரு குரல் எழுப்புவாள் என்பதால் அதற்கு ஆடும் என்று கணக்குப் போட்டேன். குரங்கு ஆடியது. அம்மா இருமினாலும் ஆடியது, தட்டு விழுந்தாலும் ஆடியது, பக்கத்து வீட்டுச் சேவலுக்கும் ஆடியது. கூட்ஸ் வண்டி போனபோது பேய் பிடித்த மாதிரி ஆடித் தீர்த்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். குழந்தையும் கொஞ்ச நேரம் சிரித்தாள், பிறகு வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தாள். டீச்சர் குரங்கை எடுத்து என் பையில் போட்டார்.

"ஊருக்கே ஆடுற பொம்ம இவளுக்கு எதுக்குங்கண்ணா? இவ அழுத்துனா மட்டுந்தான் ஓடணும். இவ எடுத்தா நிக்கணும். 'நாந்தான் பண்ணேன்'னு இவளுக்குத் தெரியணும். பொறந்ததுல இருந்து சோறு ஊட்டுறது, துணி மாத்துறது, திருப்பிப் படுக்க வெக்கிறது எல்லாமே மத்தவங்கதான். ஒரு பொருள தானா ஓட்டிப் பாத்ததே இல்ல" என்றார்.

அடுத்த முறை ஹாரன் அடித்துக்கொண்டு வட்டமாக ஓடும் சின்ன ரயிலைக் கொண்டுபோனேன். மூடி சுவிட்சை நாற்காலியின் குறுக்கே மாட்டியிருந்த பலகைமேல் வைத்தோம். "அழுத்து கண்ணு" என்று ஒருதரம் சொல்லிவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொண்டார். குழந்தை அசையவில்லை. நான் பொறுக்காமல் அவள் கையைத் தூக்கி வைக்கப் போனேன். டீச்சர் என் மணிக்கட்டில் பட்டென்று ஒன்று போட்டார்.

"மூளையில இருந்து கைக்குச் சேதி போவ இவளுக்கு நேரமாவும். ஒரு நிமிசங்கூட ஆவும். அதுவரைக்கும் சும்மா இருங்க. நடுவுல பேசுனாலோ தொட்டாலோ அவ மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

காத்திருந்தோம். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முஷ்டி மேலே எழுந்தது, பக்கவாட்டில் போனது, பலகையில் இடித்தது, மறுபடி எழுந்தது, மூடியின்மேல் விழுந்தது. ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடியது. குழந்தை ரயிலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஒரு மாதம் அவள் தினமும் ரயில் ஓட்டினாள். ஒவ்வொரு முறையும் அதே தாமதம், அதே முயற்சி, ஆனால் ஓட்டினாள். டீச்சரிடம் ஒரு திட்டம் இருந்தது. அழுத்தினால் நடக்கும் என்பது அவள் மனதில் உறுதியாகிவிட்டால் அடுத்தது பேசும் பொத்தான். ஒன்றில் 'வேணும்', இன்னொன்றில் 'வேணாம்' என்று குரலைப் பதிந்து வைத்துவிட்டால், பசிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்பதற்கெல்லாம் அவளே பதில் சொல்லலாம். "அதுக்கு அஸ்திவாரம் இந்த ரயிலுதாங்கண்ணா" என்றார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

அந்தச் சமயத்தில் தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான முகாம் நடந்தது. எங்கள் பொம்மைகளை வைக்க ஒரு மேஜை கிடைத்தது. நான் சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மேஜைக்கு முன்பக்கம் தரைவரை துணி தொங்கியது. எங்கள் பக்கம் திறந்திருந்தது. குழந்தையின் நாற்காலியை எங்கள் பக்கமாக, மேஜை ஓரத்தில் நிறுத்தியிருந்தோம். பொம்மைகளைச் சோதித்துப் பார்க்கக் காலிங்பெல் சுவிட்ச் ஒன்றை வயரோடு மாட்டுவது என் பழக்கம். அன்று காலையில் ரயிலுக்கு அதை மாட்டிச் சோதித்துவிட்டு, கழற்றச் சோம்பல்பட்டு மேஜைக்கு அடியில் தொங்க விட்டிருந்தேன். அதை அழுத்தினாலும் ரயில் ஓடும். அது அங்கே தொங்கியது தற்செயல். பிறகு நடந்தது தற்செயல் இல்லை.

பெரிய அதிகாரி ஒருவர் எங்கள் மேஜைக்கு வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். டீச்சர் விளக்கிச் சொல்லி, "கொஞ்சம் டைம் எடுப்பா சார், தயவுசெஞ்சு யாரும் பேசாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். குழந்தையின் அம்மா போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். "அழுத்து கண்ணு" என்றார் டீச்சர்.

கூட்டம் அமைதியானது. குழந்தை அசையவில்லை. பின்வரிசையில் யாரோ ஒருவர் மணி பார்த்தார். இன்னொருவர் பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். பொம்மை வேலை செய்யவில்லை என்றுதான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. குழந்தையின் முஷ்டி எழுந்து, பக்கவாட்டில் போய், திரும்பி வந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அதுதான். மேஜைக்கு அடியில் கையை விட்டு, தொங்கிக்கொண்டிருந்த சுவிட்சைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

ரயில் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். அதிகாரி டீச்சருக்குக் கைகொடுத்துவிட்டு எனக்கும் கொடுத்தார். நான் நீட்டியது அதே கை.

நின்றுகொண்டிருந்த யாருக்கும் துணிக்குப் பின்னால் நடந்தது தெரியாது. குழந்தை மட்டும் தாழ்வாக, சாய்ந்து, எங்கள் பக்கம் இருந்தாள். முஷ்டி இன்னும் அந்தரத்தில் நின்றது. அவள் ரயிலைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து என் கையைப் பார்த்தாள். பிறகு முஷ்டியை மெல்ல மடியில் இறக்கிக்கொண்டாள். நான் பார்வையைத் திருப்பி, அடுத்த பொம்மையைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். "என்னான்னு தெரிலீங்கண்ணா, பாப்பா அழுத்த மாட்டேங்குறா. சுவிட்சு கொஞ்சம் டைட்டாயிருச்சோ என்னமோ, பாத்துக் குடுங்க" என்று சொல்லி, கொடுத்தனுப்பினார். பிரித்துப் பார்த்தேன். சுவிட்சில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஸ்பிரிங்கை மாற்றினேன். "காண்டாக்ட் லூசா இருந்துச்சுங்க, சரிபண்ணிட்டேன்" என்று சொன்னேன். பொய்க்கு ஒரு ஸ்பிரிங் செலவு. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. நான் கடையில் உட்கார்ந்து கண்டவர்மேல் எரிந்துவிழுந்தேன்.

அடுத்து மூடியைப் பெரிதாக்கச் சொன்னார். ஆக்கினேன். பலகையைச் சாய்த்து வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்ல வாய் வரை வரும், 'அடுத்த வாரம் தானாகச் சரியாகிவிடும்' என்று விழுங்கிவிடுவேன்.

ஒன்றரை மாதம் ஆனபோது டீச்சர் கடைக்கே வந்தார். முகம் வாடியிருந்தது. குழந்தைக்கு உள்ளே ஏதோ ஆகிவிட்டதோ, சத்தமில்லாமல் வலிப்பு வந்து, கற்றதெல்லாம் போய்விட்டதோ என்று பயந்து, அம்மாவும் அவருமாகத் தூக்கிக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்கள். அங்கே வலிப்பு இருக்கிறதா என்று தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். குழந்தை பயந்து அழுது, அன்று முழுவதும் சாப்பிடவில்லையாம். "புதுசா ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஏன் அழுத்த மாட்டேங்குறான்னுதான் தெரில" என்று முக்காலியில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் சொன்னேன். எப்போதோ சொல்லியிருக்க வேண்டியதை, ஒரு குழந்தையின் தலையில் ஒயர் ஒட்டிய பிறகு சொன்னேன்.

டீச்சர் கத்தவில்லை. "அப்ப அவ கை எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"மேல தூக்கி, சுவிட்சுக்கு நேரா வந்துட்டிருந்துச்சுங்க."

"ஒண்ணர மாசமா நாங்க அந்தப் புள்ளய சந்தேகப்பட்டுட்டு இருக்கோங்கண்ணா" என்றார். நான் வாங்கி வைத்த டீயை அவர் தொடவில்லை. எழுந்து செருப்பை மாட்டியபடி, "அவ அழுத்துறதுக்கு முன்னாடியே ஓடுதுன்னா அழுத்துறது அவ வேலயில்லைன்னுதான நெனப்பா. என்கிட்ட சொல்லி என்ன ஆவுது? அவகிட்ட போயி சொல்லுங்க. அவளுக்குப் புரியும்" என்றார்.

மறுநாள் போனேன். குழந்தையின் அம்மா பூத்தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணா" என்று பாய் போட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்தார். "இவளுக்கு என்னாச்சுன்னே தெரிலீங்க. மனசு கஷ்டமா இருந்தா இதத்தான் போட்டுப் பாப்பேன்" என்று முகாமில் எடுத்த வீடியோவை ஓடவிட்டார்.

நான் அதை முதல்முறையாகப் பார்த்தேன். ரயில் ஓட ஆரம்பிக்கும்போது குழந்தையின் முஷ்டி அந்தரத்தில் நிற்பது பளிச்சென்று தெரிந்தது. அந்த அம்மா இத்தனை நாளும் ரயிலைத்தான் பார்த்திருக்கிறார். இன்னொன்றும் தெரிந்தது. அந்த அதிகாரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தையைப் பார்த்துச் சிரித்த முகமாக, எவ்வளவு நேரமானாலும் நிற்பவர்போல நின்றிருந்தார். எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை. அவசரம் எனக்கு மட்டும்தான். என் வெள்ளைச் சட்டையின் மானத்தைக் காப்பாற்ற ஒரு குழந்தையின் கையிலிருந்து அவள் ரயிலைப் பிடுங்கியிருக்கிறேன்.

சொன்னேன். அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப அவ அழுத்தலீங்களா?" என்றார்.

"அழுத்தியிருப்பாம்மா. நாந்தான் விடல."

அவர் வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டார். இந்த முறை கையைப் பார்த்தார். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். "அவங்கப்பாவுக்கு அனுப்பிச்சேனே. சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் அனுப்பிச்சேனே" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

குழந்தையின் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "பாப்பா, அன்னிக்கி ரயில நாந்தான் ஓட்டுனேன். நீ ஓட்டியிருப்ப. நான் பண்ணது தப்பு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தாள், இரண்டையும். நான் விரித்துக் காட்டினேன்.

டீச்சர் முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு ஒரு கட்டளை போட்டார்: அந்த வீட்டுப் பக்கம் நான் வரக்கூடாது. மேஜையே வேண்டாம் என்று ரயிலை வெறுந்தரையில், வயர் முழுவதும் அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாராம். யாராவது பக்கத்தில் வந்தால் குழந்தை முதலில் அவர்கள் கையைத்தான் தேடுவாளாம். இதை டீச்சர் போனில் சொன்னபோது நான் கடைக்குள் போய் நின்றுகொண்டேன். பல வாரங்கள் போயின. ஒரு மழை நாளில், "அழுத்திட்டா" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தார். அன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டேன்.

பேசும் பொத்தான்கள் இரண்டையும் நான்தான் செய்தேன். பச்சை மூடியில் 'வேணும்', சிவப்பு மூடியில் 'வேணாம்'. செய்து, டீச்சரிடம் கொடுத்தனுப்பினேன். அவளுடைய அம்மாவே வீட்டில் வைத்துக் குரலைப் பதிந்தார். குழந்தை அதைப் பழகி, சோறு வேணுமா, தண்ணி வேணுமா என்பதற்கெல்லாம் பதில் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டேன். தயிர்சோறு என்றால் எப்போதும் வேணாம்தானாம். இத்தனை வருடமாக அதைத்தான் தினமும் ஊட்டியிருக்கிறார்கள்.

பொங்கல் கழித்து ஒருநாள், "இனி வரலாங்கண்ணா" என்றார் டீச்சர். ஒரு வாரம் உட்கார்ந்து, லைட் எரிந்து ஹாரன் அடிக்கும் பஸ் ஒன்றைத் தயார்செய்து எடுத்துக்கொண்டு போனேன். அவளுக்குப் பிடிக்கும் என்று நிச்சயமாக நம்பினேன். அவள் மன்னித்துவிட்டாள் என்று எனக்கு ஒரு அத்தாட்சி தேவைப்பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அதற்காகத்தான் போனேன்.

பஸ்ஸை அவள் முன்னால் தரையில் வைத்தேன். பலகையில் பச்சையும் சிவப்பும் இருந்தன. "இந்த பஸ்ஸு உனக்கு வேணுமா பாப்பா?" என்று ஒருதரம் கேட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன்.

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முஷ்டி எழுந்து பச்சைக்கு மேலே போனது. என் மனம் குதித்தது. அங்கிருந்து நகர்ந்து பலகை விளிம்பில் இடித்து, மறுபடி எழுந்து, நடுவில் நின்றது. ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். நான் அசையவில்லை. முஷ்டி சிவப்பின்மேல் விழுந்தது.

"வேணாம்" என்றது அம்மாவின் குரல்.

அந்த அம்மா பதறிப்போனார். "என்ன பாப்பா, மாமா உனக்குன்னு ஆசையா செஞ்சு கொண்டாந்திருக்காரு" என்று அவள் தலையைத் தடவிவிட்டு, என் பக்கம் திரும்பி, "இன்னொருதரம் கேளுங்கண்ணா, கை தவறிப் பட்டிருக்கும்" என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"தவறிப் படலம்மா. தெரிஞ்சுதான் அழுத்துனா" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸை எடுத்துப் பையில் வைத்தேன்.